பயண ஃபின் தொல்லை கொடுத்தால்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தல்

சிங்கப்பூரிலிருந்து மலேசியத் தீவுகளான தியோமானுக்கோ டாயாங்குக்கோ முக்குளிக்கச் செல்பவர்கள் மெர்சிங் துறை வரை பேருந்திலும் பிறகு படகிலும் போவதால், நீந்துவதற்குத் துடுப்புபோலக் காலில் மாட்டும் ஃபின் எவ்வளவு கனம் என்று யோசிப்பதில்லை. இந்தோனேசியாவின் மனாடோ, லாபுவான் பாஜோ, அல்லது மாலத்தீவு என்று விமானப் பயணம் வந்த பிறகுதான் பழைய ரப்பர் ஃபின்னை வீட்டில் விட்டுவிட்டு, எடை குறைந்த ஒன்றைத் தேடுகிறார்கள். கனமான ரப்பர் ஃபின் ஒரு சோடி 2.5 கிலோவைத் தாண்டிவிடும். பயணத்துக்கென்று செய்யப்படும் சோடி பெரும்பாலும் 1.2 முதல் 1.8 கிலோவுக்குள் அடங்கும். அந்த ஒரு கிலோ லாபத்தோடு சில புதிய தொல்லைகளும் வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

எங்கள் நண்பர் குழுவில், பயணம் முடிந்ததும் யாராவது ஒருவர் தம் ஃபின்னை என்னிடம் நீட்டி, இது சரியில்லை, வேறு எதை வாங்கலாம் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வாங்கிப் பார்த்தால், குறை பெரும்பாலும் நீரைத் தள்ளும் தகட்டில் இருப்பதில்லை; பாதம் நுழையும் உறையிலோ, உள்ளே அணியும் பூட்டி (bootie) என்ற நியோபிரீன் நுரைரப்பர்க் காலணியிலோ, குதிகால் பட்டையிலோதான் இருக்கும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். புது ஃபின் வாங்குவது கடைசியில்தான் வரும்.

## பெட்டிக்குள் அடங்கவில்லை, அல்லது எடை மீறுகிறது

### நீளம் இடிக்கிறது என்றால்

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம். 55 செ.மீ. உயரம் என்று விற்கப்படும் கைப்பெட்டியின் அளவு சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தது. உட்புறத்தை அளந்தால் 50 செ.மீ. கிடைப்பதே அரிது. மூலைக்கு மூலை சாய்த்து வைத்தால் நுழைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுநாடாவைக் குறுக்கே பிடித்தால் 60 செ.மீ. வரை காட்டவும் செய்யும். ஆனால் ஃபின்னுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. அகலமும் இருப்பதால், சாய்க்கச் சாய்க்க அதன் முனைகள் பெட்டியின் பக்கச் சுவர்களில் முட்டி, கிடைத்தது போலத் தோன்றிய இடம் முழுவதும் போய்விடுகிறது. வாங்க நினைக்கும் ஃபின்னின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அட்டை நுழையவில்லை என்றால், குட்டையான ஃபின்னைத் தேடுவதற்கு முன், ஃபின்னைக் கைப்பெட்டியில்தான் வைத்தாக வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். மாஸ்க், சிலிண்டர்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொண்டு ஃபின்னைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிடலாம். வழியில் அது தொலைந்தாலும் போன இடத்தில் வேறொன்று வாடகைக்குக் கிடைக்கும். நம் முகத்துக்குப் பொருந்திய மாஸ்க் அப்படிக் கிடைக்காது. கைப்பெட்டியில் அடங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஃபின் வாங்கியவர்கள்தான் கடலில் அதிகம் நொந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

### எடை மீறுகிறது என்றால்

ஃபின்னையும் பூட்டியையும் ஒன்றாகத் தராசில் வைக்க வேண்டும். குதிகால் திறந்த ஃபின் எடை குறைந்ததாகத் தெரியலாம். அதற்குத் தேவைப்படும் பூட்டியைச் சேர்த்தால், வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்னைவிடக் கனமாகிவிடுவது உண்டு. படகிலிருந்தே குதித்துப் படகிலேயே ஏறும் பயணம் என்றால் முழுப்பாத ஃபின் போதும். பாலியின் துலாம்பென் போல உருண்டைக் கற்கள் நிறைந்த கரையிலிருந்து சிலிண்டரைச் சுமந்துகொண்டு நடந்து இறங்க வேண்டிய இடங்களுக்குப் பூட்டி கட்டாயம் வேண்டும். வெறுங்காலிலும் அணியலாம் என்று விற்கப்படும் குதிகால் திறந்த வகைகளும் உண்டு. அவற்றின் உள்ளளவு பூட்டிக்கு இடம் கொடுக்காது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

போகும்போது சரியாக இருந்த எடை திரும்பும்போது மீறினால், ஈரம் ஊறிய பூட்டியே காரணம். பல நாள் முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. அந்த நேரத்தில் பூட்டியை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டால் எடை பெருமளவு குறைந்துவிடும். அதற்குப் பிறகும் மீறினால் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. விமான நிலைய முகப்பில் கட்டும் தொகை அதைவிட அதிகமாகவே இருக்கும்.

## கால் பிடித்துக்கொள்கிறது

பிடிப்பு வந்த உடனே செய்ய வேண்டியது எல்லா வகைக்கும் ஒன்றுதான்: உதைப்பதை நிறுத்தி, உடன் முக்குளிக்கும் துணைவருக்குச் சைகை காட்டி, ஃபின்னின் நுனியைப் பிடித்து, முழங்காலை நீட்டியபடி நம்மை நோக்கி இழுக்க வேண்டும். சதை இளகிய பிறகு எங்கே பிடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம். அந்த இடத்தைப் பொறுத்தே காரணம் மாறும்.

### உள்ளங்காலில் பிடித்தால்

உறை தொளதொளவென்று இருக்கும்போது, ஃபின் கழன்றுவிடாமலிருக்கக் கால்விரல்கள் நாம் அறியாமலே மடங்கிப் பிடித்துக்கொள்கின்றன. 50 நிமிடங்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளங்கால் இழுக்கத்தான் செய்யும். கரையில் உட்கார்ந்து, ஃபின்னை மாட்டி, காலைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பாதம் ஒரு பக்கமும் ஃபின் ஒரு பக்கமும் போனால் உறை பெரிது. முதலில் பட்டையை ஒரு படி இறுக்கிப் பார்க்கலாம். அது போதாவிட்டால், முழுப்பாத ஃபின்னுக்கு மெல்லிய நியோபிரீன் காலுறையும், குதிகால் திறந்த ஃபின்னுக்குச் சற்றுத் தடித்த பூட்டியும் இடைவெளியை நிரப்பும். இவை சில பத்து சிங்கப்பூர் வெள்ளியில் முடியும் வேலைகள். அப்போதும் அசைந்தால் அளவை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, உறை இறுகி, பாதத்தின் மேற்புறத்தை அழுத்துவதாலும் இதே பிடிப்பு வரும். முக்குளித்து முடித்ததும் பாதத்தைப் பார்த்தால் அழுத்திய தடம் சிவப்பாகத் தெரியும். தடம் இருந்தால் பட்டையைத் தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. கடையில் அளவு பார்க்கும்போது உலர்ந்த காலோடு பார்க்கிறோம். நீரில் நனைந்த உறை வழுக்கிக்கொண்டு சற்றுத் தளர்ந்தது போல இருக்கும். ஆனால் நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். எனவே வேலை முடிந்து மாலையில் கடைக்குப் போய்ப் பார்ப்பதும், பயணத்தில் போடப்போகும் அதே பூட்டியைக் கொண்டு போவதும் நல்லது.

### கெண்டைக்காலில் பிடித்தால்

பெரும்பாலும் உதைக்கும் முறையே காரணம். பயண ஃபின் குட்டை என்பதால், பழைய நீள ஃபின்னுக்குப் பழகியவர்கள் குறைந்த உந்தலை ஈடுகட்ட வேகவேகமாக உதைக்கிறார்கள்; முழங்கால் மடங்கி, சைக்கிள் மிதிப்பதுபோல ஆகிவிடுகிறது. துணைவரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் காணொளி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் வயிற்றை நோக்கி வந்து போனால், ஃபின்மேல் குற்றமில்லை. இடுப்பிலிருந்து மெதுவாக உதைப்பதும், இடையிடையே தவளை உதைக்கு மாறுவதும் கெண்டைச் சதைக்கு ஓய்வு கொடுக்கும். முதல் நாள் இரவு உறக்கமில்லாமல் பயணம் செய்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் காலையில் குதித்தவருக்கு எந்த ஃபின்னிலும் கால் பிடித்துக்கொள்ளும்.

உதை சரியாக இருந்தும் பிடித்தால், ஒரு முக்குளிப்புக்கு மட்டும் துணைவரோடு ஃபின்னை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய ஃபின்னில் வலி இல்லாமல் உங்களுடையதில் மட்டும் வந்தால், தகடு உங்கள் காலுக்கு விறைப்பானது என்று முடிவு செய்யலாம். மாற்றியும் வலி தொடர்ந்தால் புது ஃபின்னுக்குச் செலவழிப்பதைவிட ஒரு பயிற்றுநரிடம் ஒரு நாள் உதைப் பயிற்சி எடுப்பது மேல்.

### கரையேறிய பிறகும் வலி தீரவில்லை என்றால்

இங்கே ஃபின்னை மறந்துவிட வேண்டும். சதைப்பிடிப்பு நீட்டி இழுத்தால் அடங்கும். சில மணி நேரத்துக்குப் பிறகும் மூட்டிலோ காலிலோ ஆழமான வலி நீடித்தால், அதனுடன் மரத்துப்போதல், தோலில் தடிப்பு, மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அது அழுத்தக்குறைவு நோயாக, அதாவது மேலே ஏறும்போது உடலில் கரைந்திருந்த வாயு குமிழாவதால் வரும் நோயாக, இருக்கலாம். முக்குளிப்பதை நிறுத்தி, படகில் இருக்கும் ஆக்சிஜனைக் கேட்டு வாங்கிச் சுவாசித்து, விமானம் ஏறாமல் அங்கேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃபின் புதிது, அதனால்தான் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறுவது மிகவும் ஆபத்தானது. சிங்கப்பூர் திரும்பிய பிறகு தெரியவந்தால், சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் முக்குளிப்பு மருத்துவத்துக்கென்றே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நிலைமை கடுமை என்றால் 995ஐ அழைக்க வேண்டும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால், அது இரத்த உறைவாக இருக்கக்கூடும். அதற்கும் அன்றே மருத்துவர்தான்.

## கொப்புளம் வருகிறது

குதிகாலில் வந்தால் பட்டையோ உறையின் விளிம்போ உரசுகிறது. விரல் நுனியில் வந்தால் உறை நீளம் போதவில்லை. முழுப்பாத ஃபின்னில் மணல் புகுந்திருந்தாலும் அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். எனவே முதலில் உறையைக் கழுவிப் பாருங்கள். பிறகு மெல்லிய லைக்ரா காலுறை. உறையின் வார்ப்பு விளிம்பு கூர்மையாக இருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கலாம். விரல் நுனி இடித்தால் இவை எதுவும் உதவாது. பெரிய அளவு வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், வலி தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு முக்குளிப்புக்கும் பிறகு பாதத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, கடல்நீர் பட்ட புண் என்று சொல்லி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

## கால்கள் மேலே எழுகின்றன, அல்லது கீழே தொங்குகின்றன

கனமான ரப்பரிலிருந்து எடை குறைந்த ஃபின்னுக்கு மாறியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கலவை ரப்பர் கடலில் மூழ்கும். பாலிபுரோப்பிலீன் தகடும் நுரைப் பொருளும் மிதக்கும். தராசில் இலேசாக இருப்பதும் நீரில் மிதப்பதும் ஒன்றல்ல என்பதால், பெட்டியில் அச்சிட்ட எடையைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

வீட்டில் ஒரு பெரிய வாளியில் சோதித்துவிடலாம். குழாய் நீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்தால் கடல்நீருக்கு நெருங்கிவிடும். 20 லிட்டர் வாளிக்கு 700 கிராம். மாதச் சாமான்களோடு ஒரு பொட்டலம் உப்பைக் கூடுதலாக வாங்கினால் போதும். உப்பில்லாத நீரில் மெதுவாக மூழ்கும் ஃபின், உப்பு நீரில் மிதந்துவிடக்கூடும் என்பதால் உப்பைத் தவிர்க்க வேண்டாம். ஃபின் முழுவதும் வாளிக்குள் அடங்காவிட்டாலும், அடியில் அமிழ்த்திப் பிடித்துக் கைவிட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது புரிந்துவிடும்.

### கால்கள் எழுகின்றன என்றால்

எப்போது எழுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் மட்டும் எழுந்தால், தென்கிழக்காசியப் படகுகளில் பரவலாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரும் அதில் பங்கு வகிக்கிறது. 11 லிட்டர் சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50 பார் வரை இறங்கும்போது ஏறத்தாழ 2 கிலோ எடை குறைகிறது. அதனால் சோதனையை 50 பார் மீதமிருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில், உதைக்காமல் அசையாமல் இருந்து செய்யுங்கள்.

செலவில்லாத முதல் மாற்றம், மூழ்குவதற்காக உடலில் அணியும் ஈய எடையை முதுகுப்புறப் பைகளிலிருந்து இடுப்புக்கு இறக்குவது. அது போதாவிட்டால் ஒரு கிலோ ஈயம் கூட்டிப் பாருங்கள். எடை குறைக்க வாங்கிய ஃபின்னுக்காகக் கடலில் ஈயம் கூட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஈயத்தைப் படகு தருகிறது, விமானம் எடை போடுவதில்லை. கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை கடைசி வழி. அதைப் பெட்டியில் சுமந்து செல்வதானால், பழைய ரப்பர் ஃபின்னையே கொண்டு போயிருக்கலாம்.

### கால்கள் தொங்குகின்றன என்றால்

பயண ஃபின்னில் இது குறைவு. இருந்தால், ஈயம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிஞ்சினால், அதை ஈடுகட்ட, மிதவையைச் சரிசெய்ய அணியும் காற்றுப்பை உடுப்பான பிசிடியில் காற்று கூடி மார்பு எழும், கால் தாழும். ஈயத்தைக் குறைத்த பிறகும் தொங்கினால், ஒரு பகுதியைச் சிலிண்டர்ப் பட்டைக்கு மேலேற்றலாம். தாழ்ந்த ஃபின் பவளத்தை உடைக்கிறது; சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் அடிச்சேற்றைக் கிளப்பிவிட்டால், பின்னால் வருபவருக்கு இருந்த கொஞ்சப் பார்வையும் போய்விடும். இரண்டு பயணங்களில் சரியாகவில்லை என்றால் மிதவைக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்குப் பதிந்துகொள்வது புது ஃபின் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

## உதைத்தும் நகரவில்லை

நீரோட்டத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டரும் பிசிடியும் சுமந்த முக்குளிப்பாளர் தொடர்ந்து நீந்தக்கூடிய வேகம் ஏறத்தாழ 1 நாட், அதாவது மணிக்கு 1.85 கி.மீ. இந்தோனேசியாவின் கொமோடோவில் நீரோட்டம் அதைப் பலமுறை மிஞ்சும். ஹந்துவிலும் ஓதம் மாறும் நேரத்தைப் பார்த்தே இறங்குகிறோம். அந்த ஓட்டத்தை எதிர்த்து எந்த ஃபின்னும் வெல்லாது. கடலடித் தரையோரம் ஒதுங்கி, வழிகாட்டியின் பின்னால் செல்வதும், பிரிந்துவிட்டால் படகுக்கு நம் இடத்தைக் காட்டும் மிதவைக் குழாயை மேலே விட்டு ஏறுவதுமே வழி.

அசைவற்ற நீரில் சோதியுங்கள். 30 மீட்டர் கயிற்றை அடியில் போட்டு, இயல்பான வேகத்தில் எத்தனை உதைச் சுற்றுகள் ஆகின்றன என்று எண்ணுங்கள்; துணைவரின் ஃபின்னோடு மறுபடி எண்ணுங்கள். வேறுபாடு மூன்று நான்கு சுற்றுகள்தான் என்றால் ஃபின்னைக் குறை சொல்ல முடியாது. உடல் சாய்ந்து நீந்துவதாலோ, பிசிடியில் தேவையற்ற பொருள்கள் தொங்குவதாலோ வரும் இழுவையே காரணம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால் தகடு உங்கள் காலுக்கு மிகவும் மெல்லியது. ஓட்டம் மிகுந்த இடங்களுக்கே அடிக்கடி போகிறவர் அரைக் கிலோ கூடுதலாக இருந்தாலும் விறைப்பான தகட்டைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. தியோமான், மாலத்தீவின் அமைதியான பவளத்தீவு வளையங்கள் என்று போகிறவருக்கு அது வீண் சுமை.

## ஃபின் கழன்றுவிடுகிறது

படகிலிருந்து பெரிய எட்டு வைத்துக் குதிக்கும்போது முழுப்பாத ஃபின் கழன்றால், குதிகாலையும் மேற்பாதத்தையும் சுற்றிப் பிடிக்கும் மூன்று வளைய ரப்பர்ப் பிடிப்பு ஒன்றை மாட்டலாம். சட்டைப்பையில் அடங்கும் பொருள் அது.

குதிகால் திறந்த ஃபின்னில், பட்டையை மடக்கி, மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா என்று புறப்படுவதற்கு முந்தைய வாரமே பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அது கடலில்தான் அறும். கொளுவியில் உப்பு படிந்து பூட்டாமலிருந்தால் வெந்நீரில் ஊறவைத்து அசைத்தால் போதும். என் பட்டை ஒருமுறை படகு விளிம்பில் அறுந்தபோது கேபிள் டையால் கட்டிக்கொண்டு இறங்கினேன். பத்து நிமிடத்தில் அது வழுக்கி, ஃபின் கையில் வந்தது. அதற்குப் பிறகு உதிரிப்பட்டை இல்லாமல் நான் பயணம் போவதில்லை. துருப்பிடிக்காத எஃகுச் சுருள் பட்டை எளிதில் அறாது, மாட்டுவதும் எளிது. ஆனால் எடை கூடும், எல்லா வகை ஃபின்னிலும் பொருந்தாது. பொருந்துமா என்பதைக் கடையில் ஃபின்னோடு போய்க் கேட்க வேண்டும். கொளுவி பொருந்தும் வார்ப்பு முளை உடைந்திருந்தால் ஒட்டுப்பசை வேண்டாம், அது சுமையைத் தாங்காது.

## தகடு வளைந்துவிட்டது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டின் சாமான் அறை மூலையில் ஃபின்னை நுனியில் நிறுத்தி வைப்பதும், பெட்டியில் கனமான பொருளுக்கு அடியில் திணிப்பதும், வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விடுவதும் காரணங்கள். பாதம் நுழையும் உறையில் துணியையோ, வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் அச்சையோ வைத்து, தட்டையாகப் படுக்கவைத்தால் வராது.

வளைவு மட்டும் என்றால், கொதிக்காத, ஆனால் கை தாங்காத சூட்டில் உள்ள வெந்நீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து, சமதளத்தில் நேராக்கி, புத்தகங்களை வைத்து அழுத்தி, முழுவதும் ஆறும் வரை விட வேண்டும். ஒரு முறையில் பாதி திருந்தும். மறுமுறை முழுவதும் திருந்தலாம். முடி உலர்த்தியைக் காட்டினால் ஒரே இடம் உருகிக் கெட்டுவிடும்.

மடங்கிய இடத்தில் வெண்கோடு தெரிந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் வழுக்கிச் சென்றால் அது பிளாஸ்டிக் இழுபட்ட தடம்தான், கவனித்துக்கொண்டே பயன்படுத்தலாம். நகம் சிக்கினால் விரிசல்; அதைக் கடைக்காரரும் சரிசெய்ய முடியாது, புதிது வாங்க வேண்டும். பழையதைத் தொடக்கநிலையில் இருக்கும் யாருக்கும் தானமாகக் கொடுக்காமல், பட்டைகளையும் கொளுவிகளையும் மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அதே வகையை மறுபடி வாங்கினால் அவை உதிரியாக உதவும்.